வீட்டுக்கு ஒரு ‘மல்டி டூல்’: வாங்குமுன் சில வார்த்தைகள்

பழைய வீட்டுக்குப் புதிதாக டைல்ஸ் பதித்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சீமெந்துத் தரைக்கு மேல் டைல்ஸ் ஏறியதும் தரை அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ உயர்ந்துவிடும். கதவு நிலையின் கால் டைல்ஸுக்கு இடம் விடாது. மேசன் பாஸ் அந்தக் காலைச் சுற்றி டைல்ஸை நறுக்கிப் போட்டு, மிஞ்சிய இடைவெளியை வெள்ளைச் சீமெந்தால் பூசிவிட்டுப் போய்விடுவார். ஆறு மாதத்தில் அந்தச் சீமெந்து வெடித்து, எறும்பு குடியேறும். ஓடாவியாரைக் கூப்பிட்டால், “இந்தச் சின்ன வேலைக்கா?” என்பார். அல்லது, “நாளைக்கு வாறேன்” என்பார். அந்த நாளை வருவதே இல்லை!

வாசகிகளே, இவ்வாறான சின்ன வேலைகள்தாம் ஒரு வீட்டில் வருடக்கணக்காக இழுபடுகின்றன. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம் தண்ணீர் பட்டு உக்கிப் போயிருக்கும். டைல்ஸ் இடுக்குகளில் கறுப்பு படர்ந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் நிற்கும். குசினி அலுமாரியின் பின்பலகை பிளக் பொயின்ட்டை மறைத்திருக்கும். பலகையில் ஒரு சதுரத் துவாரம் வெட்டினால் போதும், வெட்டத்தான் ஆளில்லை. கணவர் கடல் கடந்து உழைக்கும் வீடுகளிலும், வயதான உம்மாவும் பெண்பிள்ளைகளும் மாத்திரம் இருக்கும் வீடுகளிலும் இந்த இழுபறி இன்னும் அதிகம். நோன்பு நெருங்கி வீடுகளைத் துப்புரவாக்கும் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாஸ்மாரைத் தேடுவதால் ஆள் கிடைப்பதே அரிது.

இந்த வேலைகளைச் செய்யக்கூடிய ஒரு சிறு மின்கருவி இன்று நமது ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. ‘ஒசிலேட்டிங் மல்டி டூல்’ என்பது அதன் பெயர். ஒரு பெரிய டோர்ச் லைட்டின் அளவும் தோற்றமும் கொண்டது. ஒரு கையால் தூக்கலாம். அதன் முனையில் மாட்டப்படும் தகடு மற்ற இயந்திரங்களைப் போலச் சுழல்வதில்லை. இடமும் வலமுமாக மிகச் சிறிதளவு, ஏறத்தாழ 3 பாகை அளவுக்குத்தான் அசைகிறது. ஆனால் அந்த அசைவு நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 தடவை வரை நிகழ்கிறது. இந்த அதிர்வினாலேயே அது மரத்தையும் மெல்லிய உலோகத்தையும் வெட்டுகிறது, டைல்ஸ் இடுக்கைச் சுரண்டுகிறது, உப்புத்தாள் மாட்டினால் தேய்க்கிறது.

கை முறிந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தாய்மார் இதன் மூத்த சகோதரனைக் கண்டிருப்பார்கள். பிளாஸ்டரை வெட்டி எடுக்க டொக்டர் கொண்டுவரும், பிள்ளையை அலற வைக்கும் அந்த இரைச்சல் வாள்தான் அது. 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்பு வைத்தியர் அதனை உருவாக்கினார். ஜெர்மனியின் ஃபைன் கம்பனியும் 1967இல் அத்தகைய பிளாஸ்டர் வாள் ஒன்றைச் செய்து, பின்னர் அதே அசைவை மரவேலைக்கும் வீட்டு வேலைக்கும் கொண்டுவந்தது. அக்கம்பனியின் காப்புரிமை 2008 அளவில் காலாவதியான பின்னர்தான் ஏனைய கம்பனிகள் இதைச் செய்யத் தொடங்கின. ஒரு காலத்தில் தொழிலாளர் மாத்திரம் வாங்கக்கூடியதாக இருந்த கருவி மலிவாகியதன் கதை இதுவே.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டர் வாள் தோலை வெட்டாது என்பது பெரும்பாலும் உண்மை. தோல் அசைவோடு சேர்ந்து அசையும், பிளாஸ்டர் அசையாமல் நின்று வெட்டுப்படும். ஆகவே இந்தக் கருவியும் விரலை வெட்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மரம் வெட்டும் பிளேட்டின் பற்கள் கூரியவை. விரலையும் நன்றாகவே வெட்டும்.

கடையில் கேட்கும்போது பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். வெறுமனே ‘மல்டி டூல்’ என்றால் சிலர் மடக்குக் கத்தியும் குறடும் சேர்ந்த சட்டைப்பைச் சாமானைக் காட்டுவார்கள். வேறு சிலர் பேனாவைப் போல் பிடித்துச் சிறு கல்லைச் சுழற்றும் மினி கிரைண்டரைக் காட்டுவார்கள். “சுழலாமல், ஆடி வெட்டும் மெஷின்” என்று சொன்னால் விளங்கிக் கொள்வார்கள்.

அதற்கு முன், இது நமக்குத் தேவைதானா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் கதவு ஊதி நிலையில் இறுகுகிறது என்பதற்காக மாத்திரம் இதை வாங்குவது வீண் செலவு. கதவின் ஓரத்தைச் சீவ ஓடாவியாரின் கைச்சீவுளிதான் நல்லது. நீளமான பலகையை நேராக வெட்டவும் இது உதவாது. கொங்கிரீட்டுக்கும் செங்கல் சுவருக்கும் இது பொருத்தமல்ல. மற்றைய வாள் நுழையாத மூலைகளில், சிறு வெட்டுகளில்தான் இதன் திறமை. நிலைக்காலைத் தரை மட்டத்தில் அறுப்பது, பலகையின் நடுவில் துவாரம் எடுப்பது, சுவரோரம் நீட்டிக்கொண்டிருக்கும் பீ.வீ.சீ. குழாயை வெட்டுவது, துருப்பிடித்து இறுகிய ஆணியை அறுப்பது, பழைய சிலிக்கனைச் சுரண்டுவது ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் மூன்று நான்கு வேலைகள் உங்கள் வீட்டில் காத்திருந்தால் வாங்குங்கள். ஒன்றுதான் என்றால் இரவல் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் வசிக்கும் தாத்தா, தங்கை என மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. வருடத்தில் பத்து மணித்தியாலம்கூட ஓடாத சாமானுக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியே காசைக் கொட்ட வேண்டுமா?

அதே காரணத்தினால்தான் மலிவான இயந்திரமே போதும் என்கிறேன். விலை கூடியதும் குறைந்ததும் ஒரே மரத்தை ஒரே விதமாகத்தான் வெட்டுகின்றன. கூடிய விலையில் நீங்கள் பெறுவது கைக்கு வரும் அதிர்வு குறைவு, இரைச்சல் குறைவு, நாள் முழுவதும் ஓட்டினாலும் தாங்கும் மோட்டார் ஆகியவையே. நாள் முழுவதும் ஓட்டப்போவது பாஸ், நாமல்ல. 250 அல்லது 300 வொட் அளவுள்ள, வயருடன் கூடிய இயந்திரம் வீட்டுக்குத் தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லு கட்டாயம் இருக்க வேண்டும். மரத்துக்குக் கூடிய வேகமும் உலோகத்துக்கும் டைல்ஸுக்கும் குறைந்த வேகமும் தேவைப்படுவதால் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

பற்றரியில் ஓடுவது நல்லதா, வயரில் ஓடுவது நல்லதா என்று பலர் கேட்பார்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களை அனுபவித்த நமக்குப் பற்றரி மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் மாதக்கணக்கில் அலுமாரியில் கிடக்கும் பற்றரி, அதுவும் நமது நாட்டு வெப்பத்தில், மெல்ல மெல்லச் சக்தியை இழக்கும். முற்றாக இறங்கிய நிலையில் கிடந்தால் செத்தே போகும். புதுப் பற்றரியின் விலையோ சில வேளை இயந்திரத்தின் விலையை எட்டிப் பிடிக்கும். வீட்டில் ஏற்கனவே 18 வோல்ட் பற்றரி ட்ரில் இருந்தால் கதை வேறு. அதே கம்பனியின் மல்டி டூலைப் பற்றரி இல்லாமல் தனியாக வாங்கி, இருக்கும் பற்றரியையே இரண்டுக்கும் பாவிக்கலாம். அது பொருந்துமா என்பதைப் பற்றரியைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்க இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிலிருந்து பழைய சாமான்களோடு வருபவை 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. சவூதியில் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் நெடுங்காலம் இருந்தது. 2010இல்தான் அதைப் படிப்படியாக 230க்கு மாற்ற அந்நாடு தீர்மானித்தது. ஆகவே நானா அங்கிருந்து ஆசையோடு வாங்கி அனுப்பிய சாமானானாலும், அதன் உடலில் ஒட்டியுள்ள சீட்டில் 220–240 என்றோ 230 என்றோ எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள். இல்லாவிட்டால் சில நொடிகளில் புகைதான் மிஞ்சும். அதே சீட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ள கருவி என்பதற்கான அடையாளம் அது.

இனி, கடைக்காரர்கள் சொல்லாத விடயம் ஒன்று. இந்தக் கருவியில் செலவு இயந்திரத்தில் இல்லை, பிளேட்டில்தான் இருக்கிறது. தையல் மெஷினுக்கு ஊசியும் நூலும்போல என்று நினைத்துவிடாதீர்கள், ஊசி மலிவு! பெயர்பெற்ற கம்பனியின் நல்ல பிளேட் ஒன்று மலிவான இயந்திரத்தின் விலையில் கணிசமான பங்கை எடுத்துவிடும். பெட்டிக்குள் இருபது முப்பது துண்டு என்று விளம்பரம் செய்வார்கள். எண்ணிப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை முக்கோண உப்புத்தாள்களாகவே இருக்கும். இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போதே மரத்துக்கு ஒன்று, ஆணி கலந்த மரத்துக்கு ஒன்று, டைல்ஸ் இடுக்குக்கு ஒன்று என மூன்று பிளேட்டின் விலையையும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத் தொகைதான் உண்மையான விலை.

பிளேட்டுகளில் மூன்று தரம் உண்டு. சாதாரண உருக்குப் பிளேட் மென்மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் சரி. ஒரே ஒரு ஆணியில் பட்டாலும் பல் தேய்ந்துவிடும். ‘பை மெட்டல்’ எனப்படும் இரட்டை உலோகப் பிளேட் மரத்தையும் சாதாரண ஆணியையும் வெட்டும். நமது பழைய நிலைகளில் எங்கே ஆணி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ஆதலால் வீட்டுக்கு வாங்குவதானால் இதையே வாங்குங்கள். மூன்றாவது கார்பைட். விலை கூடியது, கடினமான ஆணிக்கும் திருகாணிக்கும் நிற்கும். கார்பைட் துகள் ஒட்டிய, பல்லில்லாத அரைவட்டத் தகடுதான் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டுவதற்குரியது. உங்கள் நிலை பாலை, முதிரை போன்ற வைர மரமானால் பிளேட் விரைவில் மழுங்கும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுமிடத்திலிருந்து புகை வந்தால் பிளேட் மழுங்கிவிட்டது, அல்லது நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

பிளேட் மாட்டும் முறையும் ஒரு பொறிதான். பெரும்பாலான மலிவு இயந்திரங்கள் நடுவில் வட்டத் துளையும் சுற்றிலும் சிறு துளைகளும் கொண்ட தட்டையான பிளேட்டை ஏற்பவை. பல கம்பனிகளின் பிளேட் அவற்றுக்குப் பொருந்தும். பொஷ், ஃபைன் கம்பனிகள் 2016இல் ‘ஸ்டார்லொக்’ என்ற குழிந்த வாயுள்ள வேறொரு முறையைக் கொண்டுவந்தன. பிடிப்பு பலமானது, மாட்டுவது இலகு. ஆனால் பழைய தட்டைப் பிளேட் அந்த இயந்திரத்தில் ஏறாது. நமது ஊர்க் கடையில் எந்த வகைப் பிளேட் எப்போதும் கிடைக்கிறதோ அதற்குரிய இயந்திரத்தையே வாங்குவது புத்திசாலித்தனம். கொழும்பில் மாத்திரம் கிடைக்கும் பிளேட்டுக்காக அக்கரைப்பற்றிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் யார் பஸ் ஏறுவது?

பிளேட்டை இறுக்க சில இயந்திரங்களில் அறுகோணச் சாவி தேவை, சிலவற்றில் ஒரு நெம்பை மடக்கினால் போதும். நெம்பு வசதியானது. ஆனால் மலிவான நெம்பு சில வேளை தளர்ந்து பிளேட் ஆடத் தொடங்கும். சாவி முறை மெதுவானதுதான், எனினும் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் மலிவு இயந்திரத்தில் சாவியையே தெரிவு செய்வேன். கடையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, கையில் பிடிக்கத் தகுந்ததா என்று நீங்களே தீர்மானியுங்கள். பிடிக்கப் போவது உங்கள் கை. கூட வந்த ஆண்கள் தூக்கிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதில் பயனில்லை.

இப்போது இக்கட்டுரையின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதை வெட்டலாம் என்பதைவிட எதை வெட்டக்கூடாது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். நமது நாட்டில் எண்ணற்ற வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டினால் ஆனது. மட்டமான சீட்டுகளைச் சீலிங்காகவும், பின்புறக் குசினிக்குத் தடுப்பாகவும் அடித்திருப்பார்கள். சீலிங்கில் லைட்டுக்கு ஒரு துவாரம், எக்ஸோஸ்ட் ஃபேனுக்கு ஒரு சதுரம் என்று வரும்போது, கையில் இருக்கும் இந்தக் கருவியைவிட வசதியானது வேறில்லை என்றே தோன்றும். ஒருபோதும் செய்யாதீர்கள்!

அஸ்பெஸ்டஸ் என்பது கல்நார். சீமெந்தோடு இறுகிக் கூரையில் கிடக்கும்வரை அதன் நார் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆகவே கூரையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மின்கருவியால் அறுக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்களாக உடைந்து, நீண்ட நேரம் காற்றில் மிதந்து, சுவாசப்பையின் ஆழத்தில் போய்த் தங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகைக் கல்நாரையும், கூரைச் சீட்டுகளில் சேர்க்கப்படும் வெள்ளைக் கல்நார் உட்பட, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. நோய் இருபது, முப்பது, நாற்பது வருடங்கள் கழித்தே தலைகாட்டும். இன்று அந்தத் தூசியில் விளையாடும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்நார் இல்லாத சீட்டுகளும் இப்போது விற்பனையாகின்றன. ஆனால் கூரையில் ஏறிய சீட் எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சந்தேகமானால் கல்நார் என்றே கொள்ளுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது. நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு நீங்கள் வெட்டினாலும் தூசி வீடு முழுவதும் படியும். லைட்டைச் சுவரில் பொருத்துங்கள், ஃபேனை ஜன்னலில் வையுங்கள். ஏற்கனவே உடைந்து விழுந்த துண்டுகள் இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, பொலித்தீனில் சுற்றிக் கட்டிவிடுங்கள். காய்ந்தபடி விளக்குமாற்றால் கூட்டாதீர்கள்.

இரண்டாவது எச்சரிக்கை சுவரைப் பற்றியது. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வயர் ஓடக்கூடும். பலகைச் சுவரானாலும் அந்தக் கோட்டில் வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இயந்திரத்துக்கு வேறு அறையிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளுங்கள். மெயின் போர்ட்டில் உள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை வேலைக்கு முன் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் அன்றைக்கு வேலை இயந்திரத்தில் அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில்.

வாங்கியதும் நேரே கதவில் கை வைக்க வேண்டாம். கழித்துப் போட்ட பலகைத் துண்டை மேசையில் இறுக்கிக் கட்டி, பென்சிலால் கோடு போட்டு, நாலைந்து வெட்டு வெட்டிப் பழகுங்கள். பிளேட் பலகையில் படுமுன்பே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தாமல், இலேசாக முன்னும் பின்னும் அசைத்துக் கொடுத்தால் அதுவே இறங்கும். முடியையும் முந்தானையையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இது சுழலாததால் ட்ரில் போல் துணியைச் சுருட்டி இழுக்காது என்றாலும் வெட்டுமிடத்தில் துணி விழுவது நல்லதல்ல. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். இரைச்சல் கடுமையாக இருக்கும், பஞ்சு போதாது, காதுக் கவசம் வாங்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் உங்கள் கைக்கும் ஓய்வு, மோட்டாருக்கும் ஓய்வு.

நிலைக்காலை அறுக்கும் முறையைத்தான் நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன், அது அவ்வளவு இலகு. பதிக்கப்போகும் டைல்ஸில் ஒரு துண்டை நிலையோரம் தரையில் வைத்து, பூச்சுத் தடிப்புக்கு ஈடாக அதன் கீழ் அட்டைத் துண்டுகளை அடுக்குங்கள். டைல்ஸின் மேல் பிளேட்டைப் படுக்க வைத்தபடியே நிலைக்குள் மெல்லச் செலுத்துங்கள். அளவு நாடாவே தேவையில்லை. அறுபட்ட துண்டை எடுத்தால், டைல்ஸ் அந்த இடைவெளிக்குள் கனகச்சிதமாக நுழையும். மேசன் பாஸ் வரும் முன்பே இதைச் செய்து வைத்தால் அவர் வெள்ளைச் சீமெந்து பூச வேண்டியதே இல்லை. உக்கிய நிலைக்காலும் இதே கதைதான். நல்ல மரம் தொடங்கும் இடத்தில் நேராக அறுத்தெடுத்து, அதே அளவில் புதுத் துண்டு ஒன்றைப் பொருத்தலாம்.

டைல்ஸ் இடுக்கு வேலைக்குப் பொறுமை வேண்டும். குளியலறைத் தரையை முதல் நாளே நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தரையில் மின்கருவி கூடாது. வேகத்தைக் குறைத்து, அரைவட்டத் தகட்டை இடுக்கின் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். ஓரத்தில் பட்டால் டைல்ஸின் மினுக்கு உரிந்துவிடும், அதற்கு மருந்தில்லை. கிளம்பும் தூசியும் சுவாசத்துக்குக் கெடுதியானது. என்95 மாஸ்க் அணிந்து, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். ஒரு நாளில் ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால் கை வலிக்காது.

வேலை முடிந்ததும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகுதான் பிளேட்டைத் தொட வேண்டும். வெட்டி முடித்த உடனே அது தோசைக்கல்லைப் போல் கொதிக்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கழற்றி, தேய்ந்ததையும் நல்லதையும் வேறு வேறாகப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, இயந்திரத்தோடு சேர்த்து உயரமான அலுமாரியில் பூட்டி வையுங்கள். கடைச் சீட்டையும் வொரன்டி அட்டையையும் அந்த டின்னுக்குள்ளேயே போட்டுவிடுங்கள், தேடும் நாளில் கிடைக்கும்.